அறுவைக்குப் பின் ஆறு வாரம்

வாய்ப்புற்றுநோய்க்கு முதல் சிகிச்சை அறுவைதான். குரல்வளையில் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்து உறுப்பைக் காப்பாற்ற முடிகிறது. கன்னத்திலும் ஈறிலும் நாக்கிலும் அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போட இடமில்லை. தொடக்க நிலைக் கட்டியில், கழுத்தில் கணு தென்படாவிட்டாலும் முதல் அறுவையோடு நெக் டிசெக்‌ஷனையும் செய்துவிட வேண்டும் என்பதை மும்பை டாடா மருத்துவமனையின் 2015 ஆய்வு தீர்த்துவைத்தது: மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், கணு தோன்றும்வரை காத்திருந்தவர்களுக்கு 67.5. இதற்குப் பிறகும் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பப்படும் நோயாளிகள் வந்துகொண்டிருப்பது வேதனை தருகிறது.

ஆனால் இவ்விதழில் நாம் பேச விரும்புவது தையல் பிரித்த பிறகு நடப்பதைப் பற்றி.

கட்டி பெரிதாக இருந்தாலோ பல கணுக்களில் நோய் பரவியிருந்தாலோ கதிர்வீச்சு தேவை. வெட்டு விளிம்பில் நோய் எஞ்சியிருந்தாலும், கணுவின் உறையைத் தாண்டியிருந்தாலும் சிஸ்பிளாட்டினும் சேர வேண்டும். 2004இல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டும் காட்டியது இதைத்தான். கதிர்வீச்சு, அறுவை நடந்த 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். எஞ்சிய செல்கள் இந்த இடைவெளியில் பெருகுகின்றன. எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கெடு எத்தனை வார்டுகளில் கண்ணுக்கெதிரே கடந்துபோகிறது!

தாமதத்துக்கு நாமே உண்டாக்கும், நாமே தவிர்க்கக்கூடிய ஒரு காரணம் பல். நோயாளி அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறார். வெட்டியெடுத்த திசுவின் பரிசோதனை முடிவு வந்தபின் கதிர்வீச்சுத் துறைக்கு வருகிறார். அங்கே வாயைப் பார்த்துவிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். சொத்தைப் பற்களைப் பிடுங்கியபின் குழி ஆற இரண்டு வாரம் விட்டாக வேண்டும். பிடுங்காமல் விடவும் முடியாது. கதிர்வீச்சுக்குப் பின் தாடையில் ரத்த ஓட்டம் குறைந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகக்கூடும். அதனால் பல் மருத்துவர் நோயாளியைப் பார்க்க வேண்டிய நாள் முதல் பயாப்சி எடுக்கும் நாள். எடுக்க வேண்டிய பற்களை முடிவுசெய்து, கட்டியை எடுக்கும் அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம். பாக்கும் புகையிலையும் போட்டு வாய் திறக்காமல் போனவர்களுக்கு இது இன்னும் அவசியம். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு அந்த வாய் மேலும் இறுகும்.

வெட்டியெடுத்த திசுவின் பரிசோதனை அறிக்கையில் கட்டி ஊடுருவிய ஆழம், மில்லிமீட்டரில் விளிம்பு, கணு உறை மீறல் மூன்றும் இல்லையென்றால் ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லி இன்னொரு வாரம் போய்விடும். வீட்டாரின் நிலை வேறு. “கட்டியைத்தான் எடுத்தாச்சே” என்று நிம்மதியடைந்த குடும்பத்திடம், கதிர்வீச்சுக்காக இன்னும் 6 வாரம் நகரத்தில் தங்க வேண்டும் என்று அப்போது சொன்னால் கூலி வேலை செய்பவர் என்ன செய்வார்? அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே இதைச் சொல்லி, தங்குமிடத்துக்கும் காப்பீட்டுக்கும் வழி பார்த்துவிட வேண்டும்.

சிஸ்பிளாட்டின் அளவிலும் பழக்கதோஷம் உண்டு. வாரம் 30 மி.கி. என்ற அளவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி.க்கு ஈடாகவில்லை என்று 2018 டாடா ஆய்வு காட்டியது. ஈராண்டு நோய்க் கட்டுப்பாடு 58.5 சதவீதத்துக்கு எதிரே 73.1. வாராந்திரமே கொடுப்பதென்றால் ஜப்பானிய ஆய்வு பயன்படுத்திய 40 மி.கி.தான் ஆதாரமுள்ள அளவு. இந்த அளவுகள் எல்லாமே உடற்பரப்பின் சதுர மீட்டருக்கான கணக்கு.

நோய் திரும்பியவர்களுக்கும் இப்போது வழி திறந்திருக்கிறது. வாய்வழி மாத்திரைகளோடு வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தபோது ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனது. ஏழை நோயாளிக்கு இது பெரிய வரவு. அப்படியும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதால், முதல் சிகிச்சையில் நழுவும் வாரங்களைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

அடுத்த இதழ் முதல் வாய்ப்புற்றுநோய்க் கட்டுரைகளில், அறுவைக்கும் முதல் கதிர்வீச்சுக்கும் இடையே கழிந்த நாட்களையும், 6 வாரம் தாண்டியிருந்தால் அதன் காரணத்தையும் குறிப்பிடும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.