ஞானஸ்நானத்துக்கு முன் சொல்ல வேண்டிய செய்தி

2025 அக்டோபர் 30 இரவு, நவி மும்பை. உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 ரன் இலக்கை இந்தியப் பெண்கள் அணி எட்டிப்பிடித்தது. ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். நாடு கொண்டாடியது. கூடவே அவருடைய மதத்தை நோண்ட ஒரு கூட்டமும் இணையத்தில் கிளம்பியது. அதற்கு ஓராண்டு முன்பு மும்பை கார் ஜிம்கானா அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதியை ரத்து செய்திருந்தது. அவருடைய தந்தை அங்கே மதக்கூட்டம் நடத்தினார் என்பது புகார். விதிகளின்படிதான் ஜெபக்கூட்டம் நடந்தது, மதமாற்றம் எதுவும் நடக்கவில்லை என்று அவர் விளக்கம் கொடுத்தார்.

நம் கல்லூரி மைதானங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆயுத பூஜை அன்று பந்துக்கும் வலைக்கம்பத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். போட்டிக்குக் கிளம்பும் பேருந்துச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். இதெல்லாம் 'வழக்கம்'. ஒரு மாணவி கண்ணை மூடி ஜெபித்தால் மட்டும் அது 'பிரச்சாரம்'.

நான் வாலிபால் ஆடியவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் வந்த சேரிப் பெண். இரண்டாம் ஆண்டில் முட்டித் தசைநார் கிழிந்தது. அணி போட்டிக்குப் போய்விட்டது, நான் ஹாஸ்டல் அறையில் கிடந்தேன். தேடி வந்தது ஜெபக்குழு அக்கா ஒருவர்தான். கஞ்சி கொண்டுவந்தார். ஸ்கூட்டியில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனார். "எந்த ஊரு?" என்று கேட்டவர், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத இடம் என்ன மாதிரி இடம் என்று நம்மவர்களுக்குத் தெரியும்.

நான் விசுவாசி ஆகவில்லை. கபடி ஆடிய என் அறைத்தோழி ஆனாள். கடைசி ஆண்டில் ஞானஸ்நானம் எடுத்தாள். அவளும் எங்கள் சாதிதான். சில ஆண்டுகள் கழித்து விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் விசாரணைக்கு ஆள் வந்தார்கள். சபைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. சாதிச் சான்றிதழ் ரத்து, வேலையும் போனது. அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார். "எனக்கு இது தெரியவே தெரியாதும்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

அவருக்குத் தெரியாமல் இருந்தது 1950ஆம் ஆண்டின் அரசியல் சாசன (பட்டியல் சாதிகள்) ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்கிறது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்கு கிடைத்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவுகிறது. சேரியை விட்டு அவர் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்துக்கு இழைக்கும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

'காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள்' என்பது சங்கிகளின் பழைய பாட்டு. உண்மையில் மதம் மாறும் தலித்திடம் கட்டணம் வசூலிப்பது இந்த அரசு. சரி, மாறாமல் இருந்தால் மரியாதை கிடைத்துவிடுமா? 2021 ஒலிம்பிக் அரையிறுதியில் ஹாக்கி அணி தோற்றதும் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்களே, அவர் எந்த மதத்துக்கு மாறியிருந்தார்?

நம் முற்போக்குத் தோழர்களிடமும் ஒரு சொல். 'ஏழை விளையாட்டுப் பிள்ளைகளை மூளைச்சலவை செய்கிறார்கள்' என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தலித் பெண்ணுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்து, 1956இல் நாக்பூரில் அதை நிறைவேற்றியவரின் பிள்ளைகள் நாம். மதம் மாறும் உரிமை நமக்கு வெறும் சட்டப்பிரிவு அல்ல.

விளையாட்டுக்கும் சுவிசேஷத்துக்கும் உள்ள உறவு புதிதும் அல்ல. 1891இல் கூடைப்பந்தும் 1895இல் வாலிபாலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வின் கூடங்களில்தான் பிறந்தன. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கிளம்பிய ஆசிரியர்கள் அந்த ஆட்டங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1954இல் அமெரிக்காவில் கிறித்தவ விளையாட்டு வீரர்களுக்கென்றே தனி அமைப்பு உருவானது. சவர பிளேடை விற்கும் வீரரால் விசுவாசத்தையும் சொல்ல முடியும் என்பது அதன் கணக்கு. நான் ஆடிய ஆட்டமே இந்த வரலாற்றின் பிள்ளை. எனவே 'மைதானத்துக்குள் மதம் வரக்கூடாது' என்று நான் எழுதினால் அது பாசாங்கு.

ஊழியம் செய்கிறவர்களிடம் எனக்கு இருப்பது மூன்று கேள்விகள்.

ஒன்று, யார் சொல்வது? கூட ஆடும் தோழி தன் விசுவாசத்தைப் பகிர்ந்தால், வேண்டாம் என்று எழுந்து போக முடியும். அணியைத் தேர்வு செய்யும் கோச் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் எழ முடியாது. பெஞ்சில் உட்கார வைத்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும் இடத்தில் விசுவாசம் இருக்காது. கோச் கட்டித்தரும் கோயில் கயிற்றுக்கும் இதே நியாயம்தான்.

இரண்டு, முழுதாகச் சொல்கிறீர்களா? எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் உடம்பு, சான்றிதழ் என்று இரண்டே சொத்து உண்டு. முதலாவது ஒரு காயத்தில் போய்விடும். இரண்டாவதைப் பறிக்கும் ஒரு முடிவுக்கு அழைக்கும்போது அந்த விலையைச் சொல்லிவிட்டு அழையுங்கள். விலை தெரிந்தும் வருகிறவளின் விசுவாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்று, சபைக்குள் என்ன நடக்கிறது? மைதானத்தில் ஒரே உடுப்பு போட்டவர்களுக்குக் கல்லறையில் தனித்தனி வரிசை என்றால், பிறகு எதற்கு இந்த நற்செய்தி? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் சுவர் பற்றி எத்தனை கல்லூரி ஊழியக்காரர்கள் வாய் திறந்திருக்கிறார்கள்?

தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் வேலை பாக்கி இருக்கிறது. அந்த வேலை தலித் கிறித்தவர்களுடையது மட்டுமல்ல, அவர்களுடைய ஞானஸ்நானப் படத்தை மாட்டிவைத்திருக்கும் எல்லாச் சபைகளுடையது, நம்முடையது.

என் தோழி இப்போது ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறாள். வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இயேசுவ ஏத்துக்கிட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி. அதுக்கு கவர்மெண்ட் ஏன் எங்கிட்ட ஃபைன் போட்டுச்சுன்னுதான் புரியல" என்றாள்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் மட்டும் இல்லை.