வேட்டைத் துப்பாக்கியும் லாப வேட்டையும்

அமெரிக்காவில் ஒரு வேட்டைத் துப்பாக்கி உண்டு. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலில் ஏறும். குதிரையும் ஏறி நிற்கும். கௌபாய் சினிமா பார்த்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். 1950ல் ‘வின்செஸ்டர் 73’ என்று இதன் பெயரிலேயே ஒரு படம் வந்தது.

இதைவிட வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அமெரிக்க வேட்டைக்காரன் இதை விடுவதாயில்லை. பாட்டன் துப்பாக்கியைப் பேரன் துடைத்து, எண்ணெய் போட்டு, மான் வேட்டைக்கு எடுத்துப் போகிறான். என்ன காரணம்? எல்லாம் கம்பெனிப் பெயரின் மகிமை என்கிறார்கள் முதலாளிகள். ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று விளம்பரம் செய்தே காசு பார்த்தார்கள். துப்பாக்கிப் பத்திரிகைகளும் கூடவே ஒத்து ஊதுகின்றன.

சுத்தப் புளுகு! அந்தப் பெயரின் யோக்கியதையைச் சற்று உரித்துப் பார்ப்போம்.

சட்டை முதலாளியின் சாமர்த்தியம்

ஆலிவர் வின்செஸ்டர் சட்டை உற்பத்தியில் பணம் சேர்த்த முதலாளி. துப்பாக்கித் தொழில் அவர் கற்ற தொழில் அல்ல. அவருடைய ஆலையில் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற தொழில் வல்லவர்தான் 1860ல் இந்த ரைபிளுக்கு உருவம் கொடுத்தார். முதலில் இதற்கு ஹென்றி துப்பாக்கி என்றே பெயர். தன் உழைப்புக்குக் கிடைத்தது போதாது என்று ஹென்றி மோதினார். முதலாளி என்ன செய்தார்? 1866ல் புதுக் கம்பெனி தொடங்கினார். ஹென்றி வெளியே! துப்பாக்கியின் பெயர் வின்செஸ்டர்!

1894ம் ஆண்டு மாடல்தான் எல்லாவற்றிலும் பிரபலமானது. 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அதை வகுத்தவர் ஜான் பிரௌனிங், ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகன். அதன் மேலும் வின்செஸ்டர் பெயர்தான்.

யாரை வென்றது?

மேற்கை வென்றதாம்! 1876ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பூர்வகுடிகளை ஒழிக்கக் கஸ்டரின் குதிரைப்படை போயிற்று. படைக்குச் சர்க்கார் கொடுத்திருந்தது ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் துப்பாக்கி. எதிரே நின்ற லகோட்டா, செயென் வீரர்கள் பலருடைய கையில் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. கஸ்டர் மாண்டார். 1984ல் அந்த மண்ணைத் தோண்டியபோது அந்தத் தோட்டாக் கூடுகள் கிடைத்தன. தங்கள் மண்ணைக் காக்கப் போராடியவர்களும் இதே துப்பாக்கியைத்தான் பிடித்தார்கள் என்று எந்த விளம்பரமாவது சொல்லியதா?

1892 ஜூலை 6ந் தேதி. கார்னெகியின் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் கதவடைப்பு. தொழிலாளரை அடக்க 300 பிங்கர்ட்டன் அடியாட்கள் இரவோடு இரவாகப் படகில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த ஆயுதம் வின்செஸ்டர். அன்று இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இந்தப் பெருமையையும் விளம்பரத்தில் போடுவதுதானே!

1910ல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. நிலம் கேட்டு எழுந்த சபாட்டாவின் ஆட்களும், வில்லாவின் ஆட்களும் அதே 1894 மாடலை ஏந்தினார்கள். துப்பாக்கிக்கு வர்க்கம் கிடையாது. பிடித்த கைக்கு உண்டு.

1964ல் நடந்தது

அப்படியானால் ஜனங்கள் இதை ஏன் நேசிக்கிறார்கள்? எடை மூன்று கிலோ சொச்சம். மெலிந்த உடம்பு. புதர்க் காட்டில் நாளெல்லாம் தூக்கி நடக்கலாம். சாமானிய மனிதனின் உபயோகத்துக்கு ஏற்ற கருவி. அதோடு, அது நன்றாகச் செய்யப்பட்ட கருவி. நியூ ஹேவன் ஆலையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் பழகியவர்கள் இரும்பைக் கடைந்து, அராவி, இழைத்துப் பொருத்தியது.

1964ல் முதலாளிகளுக்குச் சிக்கனப் பித்துப் பிடித்தது. கடைந்து செய்த பாகங்களுக்குப் பதில் தகட்டில் அச்சடித்த பாகங்கள் வந்தன. கைவேலை குறைந்தது. பெயர் அதே பெயர். வாங்கியவன் ஏமாந்தானா? இல்லை. நம் பஞ்சாலைத் தோழர்கள் நூலைத் தொட்டதுமே பஞ்சில் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று சொல்லிவிடுவதில்லையா? அதுபோல அவனும் லீவரை ஆட்டியதுமே கண்டுகொண்டான். இன்றளவும் 1964க்கு முந்திய துப்பாக்கி என்றால் தனி விலை. பெயர்தான் மகிமை என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதலாளிகள் பதில் சொல்லட்டும்!

பெயர் பத்திரம், ஆட்கள் தெருவில்

1979ல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதக்கணக்கில் நின்று போராடினார்கள். 1981ல் ஒலின் கம்பெனி ஆலையை விற்றது. பெயரை விற்கவில்லை! அதைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் சுமார் 19,000 பேர் வேலை செய்த ஆலையில், 2006 மார்ச்சில் கதவைச் சாத்தியபோது மிஞ்சியிருந்தவர்கள் 200 பேர் கூட இல்லை. 2010ல் 1894 மாடல் மறுபடி வந்தது. செய்தது ஜப்பான் ஆலை. ஜப்பான் தொழிலாளியின் மேல் நமக்குக் குறை இல்லை. அவன் வேலை சுத்தம். அவனும் நம் சகோதரன். ஆனால் அவன் வேலைக்கும் பெயர் வின்செஸ்டர்தான்!

மார்லின் கதையைக் கேளுங்கள். அதுவும் இதே ரகத் துப்பாக்கி. கம்பெனியை ரெமிங்டன் வாங்கி, 2011ல் கனெக்டிகட் ஆலையை மூடி, யந்திரங்களை நியூயார்க் மாகாணத்துக்கு ஏற்றிப் போனது. யந்திரம் போயிற்று, பழகிய கைகள் போகவில்லை. வந்த சரக்கைப் பார்த்து ஜனங்கள் ‘ரெம்லின்’ என்று கேலி செய்தார்கள். குழலில் ‘ஜே.எம்.’ முத்திரை உள்ள பழைய மார்லினைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் 2020ல் ரெமிங்டன் திவால். இலியன் ஊர் ஆலையில் 500க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் நஷ்டஈடு கூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தோழர்களே! பழைய துப்பாக்கியைத் தடவிப் பார்த்து மெய்மறக்கும் வேட்டைக்காரன் தடவுவது ஒரு தொழிலாளியின் கையை. அவனுக்கு அது தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் விளம்பரத்தின் வேலை. உழைப்பவனை விரட்டிவிட்டு அவன் சம்பாதித்த நல்ல பெயரை மட்டும் வைத்துப் பிழைப்பது துப்பாக்கிக் கம்பெனியோடு நின்றுவிடும் வித்தை அல்ல. நாளை உங்கள் ஆலை வாசலிலும் ‘எங்கள் மார்க்கின் மகிமை’ என்று யாராவது பேச வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

மார்க்கு உன்னுடையது, சரி. கை யாருடையது?