ஒட்டுப்பாலும் ஒட்டுத்துணியும்



சென்ற மாதம் நம் கிளைச் சங்கத்தின் சார்பில் நால்வர் நிர்வாகத்தாரைக் காணச் சென்றோம். கேட்டது பெரிய காரியம் அன்று. பால் வெட்டும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு ஜோடி வேலை உடுப்பு வேண்டும் என்றோம். கைநீளச் சட்டை, கால்சட்டை, தலைக்கட்டுத் துணி, அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த மறுமொழியைக் கேளுங்கள்.

"உங்கள் பெண்கள் மிகவும் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே! பழைய துணியிலேயே குடும்பத்துக்கெல்லாம் தைத்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு உடுப்புப் பணம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார்கள். காப்பி வந்தது, கோரிக்கை போய்விட்டது.

அன்று மாலை லயத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னோம். ஒரு தோழருக்கு ஆத்திரம் பொங்கிற்று. "ஒட்டுத்துணி உடுத்துவதால்தானே இந்தப் பேச்சு! இனிக் கடன் பட்டாலும் கடை உடுப்புத்தான்!" என்று சபதம் செய்தார். பக்கத்திலிருந்த அவருடைய மனைவி, மடியில் பாதி தைத்து வைத்திருந்த பாவாடையை மெல்லச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அதைக் கண்டபோதுதான் நமக்கு உண்மையிலேயே வலித்தது. ஒரே நாளில் ஒரே வேலைக்கு அலுவலகத்தில் ஏளனம், வீட்டில் வெட்கம்!

நிர்வாகத்தார் சொன்னதும் தவறு. தோழர் சொன்னதும் தவறு. இருவருக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பாவாடையைப் பார்ப்போம். அது எப்படி உண்டாயிற்று? தாயின் பழைய சேலை ஒன்று. சேலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நைவதில்லை. உட்காரும் இடமும், கொசுவம் காலில் உரசும் அடிப்பகுதியும் முதலில் போகும். முந்தானைப் பக்கம் பல ஆண்டு கெட்டியாக நிற்கும். அம்மாள் சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். எங்கே இழை கலைந்து வெளிச்சம் தெரிகிறதோ அந்த இடத்தை ஒதுக்குகிறார். நல்ல பகுதியை நெடுக்கு இழை பார்த்து வெட்டுகிறார். கரையைப் பாவாடையின் அடியில் வைக்கிறார். அதற்கு மேலே மூன்று மடிப்புப் பிடித்துத் தைக்கிறார். எதற்கு? பிள்ளை வளர்கிறாள் அல்லவா! ஆண்டுக்கு ஒரு மடிப்பை அவிழ்த்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும். மிஞ்சிய துண்டைக் குறுக்காக வெட்டினால் ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி ஆயிற்று; குறுக்கில் வெட்டிய துணி வளைந்து கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கணவரின் சட்டைக் காலர் மடிப்பில் நைந்துவிட்டதா? தையலைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி மீண்டும் தைக்கிறார். இன்னும் ஓராண்டு ஓடும். படுக்கை விரிப்பு நடுவில் நைந்ததா? நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கெட்டியான ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கத்தை ஓரமாக்கிவிடுகிறார். கால்சட்டை முழங்காலில் போனால் கீழ்ப்பாதியில் பையனுக்கு அரைக்கால்சட்டை. இவை எதற்கும் ஆகாத துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொட்டிலுக்கு மெத்தை விரிப்பாகின்றன.

இதைச் செய்ய அளவு தெரியவேண்டும், கணக்குத் தெரியவேண்டும், துணியின் குணம் தெரியவேண்டும். தெரிந்தவரைத் தொழில் வல்லவர் என்று சொல்லாமல் ஏழை என்று மட்டும் சொல்வது என்ன நியாயம்?

தோழரே, நீங்கள் பால் வெட்டுகிறவர். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டியை எறிந்துவிடுகிறீர்களா? வெட்டுவாயில் நாடாவாகக் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுகிறீர்கள். மரத்தடியில் சிந்தி மண்ணோடு காய்ந்ததைக்கூடப் பொறுக்குகிறீர்கள். அதை நிறுத்து நாம் பேரேட்டில் பதிகிறோம். கம்பெனி அதைக் கழுவி, ஆலையில் அரைத்து விற்றுக் காசாக்குகிறது. ஒட்டுப்பால் விற்றதால் எந்தக் கம்பெனியாவது வெட்கப்பட்டதுண்டா? கம்பெனி மிச்சத்தைச் சேர்த்தால் திறமை, நம் வீட்டு அம்மாள் மிச்சத்தைச் சேர்த்தால் மானக்கேடா?

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இல்லாமையால் உடுத்தியது வேறு. கைத்திறத்தால் உடுத்துவது வேறு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் துணி கிடைக்கவில்லை. நம் பாட்டன் பாட்டிமார் கோணிச் சாக்கையும் மாவுச் சாக்கையும் உடுத்தினார்கள். சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேர் இடுப்பில் சாக்குத் துண்டோடு காட்டில் மாண்டார்கள். அதைச் சிக்கனம் என்று எவரும் புகழ முடியாது. அது கொடுமை. சாக்கு உடுத்திய அந்த நினைவு நம் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் ஒட்டுத்துணி என்றாலே பலருக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சத்தைக் காசாக்குகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனை என்ன செய்வது?

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வேன் வந்து லயத்து வாசலில் நிற்கிறது. பளபளக்கும் பாலியெஸ்டர் துணி. தொட்டால் வழுக்கும், உடுத்தினால் வேர்வையை உறிஞ்சாது. "இப்போது பணம் வேண்டாம் அக்கா, மாதம் முப்பது கொடுங்கள் போதும்" என்கிறான். 300 வெள்ளித் துணிக்கு மாதம் 30 வீதம் 12 மாதம் கட்டினால் 360 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வெள்ளி எதற்கு? புதுத்துணி என்ற பெயருக்கு! கடன் தீரும்போது அடுத்த தீபாவளி வந்துவிடுகிறது. துணியோ அதற்கு முன்பே தையல் விட்டுப் போய்விடுகிறது. சம்பள நாளன்று எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டே அந்த வேனுக்கு நேராக நடக்கிறார்கள் என்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாக நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"தீபாவளிக்குக் கோடி உடுக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். உடுக்கத்தான் வேண்டும். பசார் மாலாமில் முழுத்துணியாக வாங்கி வீட்டிலே தைத்தாலும் கோடிதான். தாயின் பட்டுச் சேலையைப் பிரித்து மகளுக்குத் தைத்து, ஓரத்தில் மஞ்சள் வைத்துக் கொடுத்தாலும் கோடிதான். கடனுக்கு வாங்கியது மட்டுமே கோடி என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கிராணி வேலை செய்கிறவர். கஞ்சி போட்ட சட்டையும் டவுன் தையற்கடைக் கால்சட்டையும் நமக்குப் பெருமையாக இருந்தன. கோயில் திருவிழாவில் ஒரு சிறுமியின் பாவாடையைக் காட்டி, "இது அவள் அம்மாவின் சேலை அல்லவா!" என்று சிரித்த கூட்டத்தில் நம் வீட்டாரும் இருந்தார்கள், நாமும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமார்களையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது. அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் கிராணிமாரும் இருந்தார்கள்! சைக்கிள் வழக்கம் ஒழிந்தது. உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் நம்மிடம் ஒழிந்ததா?

இனி நிர்வாகத்தாருக்கு வருவோம்.

ஐயா, எங்கள் பெண்களின் கைத்திறத்தைப் புகழ்ந்தீர்கள்; நன்றி. அந்தத் திறத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு வந்து நிற்கிறார். நிரை முழுவதும் வெட்டிப் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கிறார். வீடு திரும்பி இரண்டாம் அடுப்பு மூட்டுகிறார். எல்லோரும் படுத்தபின் விளக்கடியில் ஊசி கோக்கிறார். அந்த இரவு வேலைக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் போடுவதில்லை. அதை மிச்சம் பிடித்தது அவர் குடும்பத்துக்காக; உங்கள் கணக்கில் வரவு வைப்பதற்காக அன்று. சிக்கனமாக இருக்கிறவருக்குக் கூலி குறைக்கலாம் என்றால், சிக்கனமாக நடக்கும் கம்பெனிக்கு ரப்பர் விலையைக் குறைத்துக் கொடுப்பார்களா?

இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2013இல்; தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2022இல் 1,500, 2025இல் 1,700. "உங்கள் மக்கள் கிழிசலைத் தைத்துக்கொள்வார்கள்" என்று சொன்னவர்களிடம் சங்கங்கள் வாதாடாமல் இந்தத் தொகை ஏறியிருக்குமா?

வேலை உடுப்பு வேறு, வீட்டு உடுப்பு வேறு. பால் பட்டுக் காய்ந்த துணி கறுத்து விறைத்துப்போகும். எந்தச் சவுக்காரத்துக்கும் அந்தக் கறை போகாது. கொசுவுக்கும் முள்ளுக்கும் அட்டைக்கும் கைநீளச் சட்டைதான் காப்பு. ஆகவே அது அலங்காரம் அன்று; கத்தியைப்போல், வாளியைப்போல், அதுவும் ஒரு கருவி. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அச்சட்டப்படி பாதுகாப்புக்காகக் கொடுக்கப்படும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. வெளிக்காட்டுச் சட்டை அதில் சேருமா என்று நிர்வாகம் வாதாடட்டும். சேரும் என்று நாம் வாதாடுவோம். ஆனால் எங்கள் அம்மாமார்களின் பழஞ்சேலையைக் காட்டி அந்த வாதத்தை மூடிவிட முடியாது.

தோழர்களே, நாம் செய்யவேண்டியது இரண்டு.

ஒன்று, சங்கக் கட்டடத்தில் ஒரு தையல் மெஷின் வைப்போம். ஞாயிறு பகலில் தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக்கொடுக்கட்டும். டவுன் தையற்காரரிடம் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குவோம். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், பெயர் எழுத வேண்டாம். ஆண்களும் வந்து கற்கட்டும். மரத்தின் பட்டையைக் காயப்படாமல் சீவத் தெரிந்த கைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதா? இரவு விளக்கடியில் ஒருவர் தனியே செய்ததைப் பகலில் பலராகச் செய்தால், வெட்கமும் போகும், சோர்வும் குறையும்.

இரண்டு, உடுப்புக் கோரிக்கையை விடக்கூடாது. இம்மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வாருங்கள். பால் கறை படிந்த சட்டையைத் துவைத்து, அதையே உடுத்திக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை நிர்வாகத்தாரைக் காணச் செல்லும்போது, காலர் திருப்பித் தைத்த சட்டை அணிந்த கிராணி ஒருவரும் உங்களோடு நிற்பார்.

கதவுக்குப் பின்னால் வைத்த பாவாடையை வெளியே எடுங்கள், தாயே. மூன்று மடிப்பையும் தைத்து முடியுங்கள். அதை அவிழ்க்கும் ஒவ்வோர் ஆண்டும் சம்பளமும் ஏறியிருக்கச் செய்வது சங்கத்தின் கடமை.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!