பத்துப் பெண்கள் போதும்

மார்கழித் திருவாதிரைக்கு நாம் களி கிண்டுகிறோம். அதே நாளில் கேரள வீடுகளில் சிறுகிழங்கும் சேனையும் காச்சிலும் சேர்ந்து புழுக்காக வேகும். முந்தின நாள், மகயிர நட்சத்திரத்தன்று, கிழங்குகளைத் தீயில் சுட்டு எட்டங்காடி படைப்பார்கள். இரவில் முற்றத்துக் குத்துவிளக்கைச் சுற்றிப் பெண்கள் கைகொட்டி ஆடி, நள்ளிரவில் பாதிராப்பூ சூடுவார்கள். இதற்குப் பூசாரி வேண்டாம், மேடை வேண்டாம். ஆனால் கேரளத்தில் விழிஞ்ஞத்துக்குக் கிழக்கே பாறசாலையில் 2022 ஜனவரியில், கோவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, ஒரு கட்சியின் மாநாட்டையொட்டி 500-க்கும் மேற்பட்ட பெண்களை இந்த ஆட்டத்தை ஆடவைத்தார்கள். எண்ணிக்கைக்காக ஆடினால் அது அணிவகுப்புதான். அதற்குப் பதிலாக விழிஞ்ஞத்துக் குடியிருப்புச் சங்கங்கள் தெருவுக்கொரு முற்றத்தைத் திறந்துவிடட்டும். வயதான அம்மாமார் பாடட்டும். பெண்பிள்ளைகள் மார்கழிக் குளிரில் கூடவே அடியெடுத்து வைத்துக் கற்றுக்கொள்ளட்டும்.