சேராத கடிதங்கள்

ஒட்டன்சத்திரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பழைய வீடு ஒன்று உண்டு. பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் இளைப்பாறிச் செல்வதற்கென்று ஒரு காலத்தில் அகலமான திண்ணை வைத்துக் கட்டிய வீடு. இப்போது அந்தத் திண்ணைக்கு எதிரே காய்கறி லாரிகள் இரவு முழுவதும் உறுமிக்கொண்டு நிற்கின்றன. வீட்டைப் பாகம் பிரித்துவிடுவது என்று பெரியவர்கள் தீர்மானித்தபடியால், சென்ற மாதம் நாங்கள் எல்லோரும் அங்கே கூடினோம். பாகப் பிரிவினை எப்படி நடக்கும் என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பித்தளை அண்டாவுக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். பரணில் கிடந்த தகரப் பெட்டியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அது எங்கள் தாத்தாவின் தாயாருடைய பெட்டி. திறந்து பார்த்தால், பழந்துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கடிதங்கள்! ரங்கூனில் வேலை பார்த்த காலத்தில் தாத்தா எழுதியவை. உறைகளின் மேல் எங்கள் அப்பத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. ஒன்றாவது பிரிக்கப்படவில்லை. "ரங்கூனுக்குப் போன மனிதர் எனக்கு ஒரு வரி எழுதினாரா?" என்று அப்பத்தா கடைசி வரையில் சொல்லிச் சிரிப்பாள். தாத்தா திரும்பி வந்து அவளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தார். அவ்வளவு வருஷங்களில் அவள் ஒரு தடவை கூட அவரிடம் நேரில் கேட்டதில்லை போலிருக்கிறது.

எல்லோரும் வாயடைத்து நின்றபோது என் மனம், தாராபுரம் வழியாக வடக்கே போனால் வரும் கொடுமுடிக்குப் போயிற்று. காவேரிக் கரையிலுள்ள அந்த க்ஷேத்திரத்தில் 1919-ஆம் வருஷம் சில மாதங்கள், கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் நோயாளியாகத் தங்கியிருந்தார். அவரோடு தாயார் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் இருந்தார்கள். அந்த வீட்டிலும் சேராத கடிதங்களின் கதை ஒன்று இருந்தது.

இராமானுஜனுக்கும் ஜானகிக்கும் 1909-ஆம் வருஷம் ஜூலை மாதம் விவாகம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது இருபத்தொன்று, பெண்ணுக்குப் பத்து. 1912-இல் அவர் சென்னைத் துறைமுக ஆபீஸில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். பிறகுதான் குடித்தனம், அதுவும் மாமியாரின் பார்வையில். 1914-ஆம் வருஷம் மார்ச் மாதம் 17-ஆம் தேதி அவர் கப்பல் ஏறினார். குடுமியை எடுத்துவிட்டு ஐரோப்பிய உடை தரிக்கும் கோலத்தைத் தாயாரும் மனைவியும் காண வேண்டாமென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள அந்தச் சிறிய வீட்டிலிருந்து ஜானகி எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போகவில்லை. அவர் எழுதியவை இவருக்கு வந்து சேரவில்லை. இரண்டையும் மாமியார் தடுத்து வைத்தார் என்பதை ஜானகி அம்மாளே முதிய வயதில் சொல்லியிருக்கிறார். ராபர்ட் கானிகல் 1991-இல் வெளியிட்ட சரித்திரப் புத்தகத்திலும் இது விவரமாக இருக்கிறது. இங்கிலாந்துக்கு அனுப்பிய பட்சணப் பொட்டலத்தில் ஒரு தடவை ஜானகி கடிதத்தை ஒளித்து வைத்தாராம். அதுவும் அகப்பட்டுவிட்டது. கடைசியில் ஜானகி அண்ணன் கல்யாணத்துக்கென்று பிறந்தகத்தாரிடம் போனார், போனவர் திரும்பவில்லை.

அங்கே கேம்பிரிட்ஜில், யுத்த காலத்துக் குளிரில், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடிக்கொண்டு, மனைவி ஏன் எழுதவில்லை என்று தெரியாமல் ஒரு மனிதர் உலகம் வியக்கும் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார். 1918-இல் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. மறு வருஷம் சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் தர முன்வந்தபோது, என் செலவு போகப் பெற்றோருக்கு ஐம்பது பவுன் கொடுங்கள், மிச்சத்தை ஏழைப் பையன்களின் படிப்புக்குச் செலவிடுங்கள் என்று பதில் எழுதினார். அருமையான கடிதம். ஆனால் அதில் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அந்த ஒரு சொல் இல்லாததுதான் உறுத்துகிறது.

1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியதும் அவர் தாயாரிடம் கேட்ட முதல் கேள்வி, ஜானகி எங்கே என்பதுதானாம். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். ஐந்து வருஷக் கடிதங்களின் விஷயம் அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. கொடுமுடியில் ஆவணி அவிட்டத்தன்று நதிக்குப் புறப்பட்டபோது ஜானகியும் கூட வரட்டும் என்று இராமானுஜன் சொன்னார். தாயார் தடுத்தும் கேட்கவில்லை. நீ அங்கே என்னுடன் வந்திருந்தால் எனக்கு இந்த உடம்பு வந்திராது என்று மனைவியிடம் அவர் சொன்னதும் உண்டு.

கோமளத்தம்மாளை இங்கே நாம் ராட்சஸி ஆக்கிவிடக் கூடாது. மூன்று குழந்தைகளைச் சிசுவாகவே பறிகொடுத்தவர். ஜவுளிக் கடைக் குமாஸ்தாவான கணவரின் இருபது ரூபாய் போதாமல், கோவிலில் பஜனை பாடியும் பிள்ளைகளுக்கு வீட்டில் சாப்பாடு போட்டும் குடும்பத்தைத் தாங்கியவர். பிள்ளையின் மேதையை உலகம் அறியுமுன் அறிந்தவர். அப்படிப்பட்டவருக்கு மருமகளின் கடிதத்தைக் கண்டு என்ன பயம்? மருமகளும் கிளம்பிச் சீமைக்குப் போய்விட்டால் பிள்ளை திரும்பவே மாட்டான் என்ற பயமாக இருக்கலாமென்பது என் ஊகம். பயத்தில் செய்தாலும் செய்தது செய்ததுதான். ஐந்து வருஷத்தை யாரால் திருப்பித் தர முடியும்?

அவர்களுக்கு மிஞ்சியது ஒரு வருஷம். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் காலமானார். வயது முப்பத்திரண்டு. அந்த வருஷம் முழுவதும் ஜானகிதான் கிட்ட இருந்தார்; வேளைக்கு உணவு தந்தார், வலித்த இடத்தில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார், அவர் கணக்குப் போட்ட தாள்களைப் பொறுக்கிப் பெட்டியில் சேர்த்தார். சர்வகலாசாலைக்குப் போன அக்காகிதங்கள் பிறகு இங்கிலாந்து சென்று, கேட்பாரற்றுக் கிடந்து, 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கரின் கண்ணில் பட்டன. காணாமற்போன நோட்டுப் புத்தகம் என்று இன்று உலகம் கொண்டாடுவது அதுதான்.

கைம்பெண்ணாகும்போது ஜானகி அம்மாளுக்கு இருபத்தொரு வயது. பம்பாயில் சகோதரரிடம் சில வருஷங்கள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பின்னர் திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். ஒரு பையனை எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று அவர் கேட்டது கடல் கடந்து எட்டியது. வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து, 1980-களில் ஒரு வெண்கல மார்பளவுச் சிலை செய்து அவரிடம் கொடுத்தார்கள். 1994 ஏப்ரலில் அவர் மறைந்தார். கணவர் போய் எழுபத்து நான்கு வருஷங்கள்!

கும்பகோணத்து வீடு 2003 முதல் நினைவு இல்லமாக இருக்கிறது. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துவிட்டு எல்லோரும் கணிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வெளியே வருகிறார்கள். நான் போயிருந்தபோது, அந்தக் கடிதங்களை எந்த மூலையில் வைத்திருப்பார்கள் என்றுதான் தேடினேன்.

ஒட்டன்சத்திரத்துக்கு வருவோம். செத்துப் போனவர்களின் சங்கதி நமக்கெதற்கு, அடுப்பில் போடுங்கள் என்றார் சித்தப்பா. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடலாம் என்றது ஒரு வாண்டு. தாத்தாவின் ஒரே மகளான அத்தைதான், எண்பது வயதைத் தாண்டியவள், ஒன்றும் பேசாமல் கட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த உறையைக் கத்தியால் மெல்லக் கீறி, மனத்துக்குள்ளேயே வாசித்தாள். வெகு நேரம் ஆயிற்று.

"செவலைப் பசு கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறார்" என்றாள்.

அதற்கு மேல் எழுதியிருந்ததை எங்களுக்குச் சொல்லவில்லை. பாகத்தில் தனக்கு அந்தத் தகரப் பெட்டி போதும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்டா வழக்கு இன்னும் தீரவில்லை.