டின்னைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவோம்

சம்பளம் கூட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அது போதுமா என்றால், போதாது என்றுதான் வெயிலிலும் மழையிலும் வேர்வை சிந்தும் எவரும் சொல்வார். ஆனால், கைக்கு வந்த சம்பளம் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்ற கேள்வியை நாம் அவ்வளவு உரக்கக் கேட்பதில்லை. அதில் ஒரு பகுதி குசினி வழியாகப் போகிறது. ஐந்தும் பத்துமாக, சத்தமில்லாமல் போகிறது.

நம் வீட்டுக் குசினித் தட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரித்த மஞ்சள் தூள் பாக்கெட் மூன்று கிடக்கும். பருப்பு இரண்டு இடத்தில் இருக்கும். நெத்திலி எங்கேயோ மூலையில் பூத்துப் போயிருக்கும். "சீனி இருக்கா?" என்று கேட்டால், "இல்லைன்னு நினைக்கிறேன், எதுக்கும் ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க" என்று பதில் வரும். இந்த "எதுக்கும்" என்ற ஒரு சொல்லுக்கு வாரம் ஐந்து வெள்ளி செலவானால், வருஷத்துக்கு 260 வெள்ளி. 2023ஆம் ஆண்டில் உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு இருந்த கட்டுப்பாட்டு விலை 10 கிலோவுக்கு 26 வெள்ளி. அந்தக் கணக்கில், 260 வெள்ளி என்பது பத்து மூட்டை அரிசி!

தட்டை ஒழுங்காக அடுக்கி வைப்பது பணக்காரர் வீட்டு அலங்காரம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது தவறு. பணம் உள்ளவன் வீட்டில் ஒரு கிலோ பருப்பு வண்டு பிடித்தால் அவனுக்கு நஷ்டமில்லை. நமக்கு அது வேர்வை சிந்திச் சம்பாதித்த காசு.

பழைய கதையையும் மறக்கக் கூடாது. கங்காணியே கடையும் வைத்திருந்த தோட்டங்கள் ஒரு காலத்தில் இருந்தன. வேலையும் அவரிடம், அரிசியும் அவரிடம், கடனும் அவரிடம். சம்பளத்தை எந்தக் கடையில், எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் நம்மை அந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. பிறகு 555 நோட்டுப் புத்தகத்தில் பற்று எழுதி, நாமே நம்மைக் கட்டிக்கொண்டோம். பற்றுக்கு வாங்குபவர் விலை கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய் நின்றது நாம்தானே?

தெப்ராவில் காலமும் மாறிவிட்டது. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த பட்டணம். நம் பெரியவர்களுக்கோ அது பால்மரத் தோட்டத்தின் பெயர். லயத்து வீட்டில் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் இருந்தன. மேலே பரண் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் இரண்டும் இல்லை. பக்கத்திலேயே பேரங்காடி, "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகையோடு நிற்கிறது. வேண்டாத பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் அது தட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கெட்டுப் போகும் பொருள்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயந்துபோய் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிப்பது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. கடைத் தட்டுகளில் உள்நாட்டு அரிசியைக் காணோம். அப்போது அள்ளிக் குவித்த வீடுகளும் உண்டு, வெறும் டின்னோடு தவித்த வீடுகளும் உண்டு. மாசத்துக்கு நம் வீட்டுக்கு எத்தனை கிலோ என்று கணக்குத் தெரிந்த வீடு மட்டும்தான் பதறாமல் இருந்திருக்கும். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறை நம்முடையது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவில்லாத நாலு காரியம்.

முதலாவது, பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டக் கூடாது. வண்டு அரிசி மணிக்குள்ளேயே முட்டை வைக்கிறது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் அரிசியிலும் அது ஒளிந்திருக்கும். நம் ஊர் வெக்கையில் சுமார் ஒரு மாதத்தில் முட்டை வண்டாகிவிடும். எனவே ஒரு மாத அரிசிக்கு மேல் வேண்டாம். டின் காலியானதும் துடைத்து, காய வைத்து, பிறகு நிரப்புங்கள்.

இரண்டாவது, பழையது முன்னால், புதியது பின்னால். வாங்கிய மாதத்தைப் பேனாவால் டின்னின் மேல் எழுதி ஒட்டினால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைச் செய்யட்டும்.

மூன்றாவது, ஜொகூரில் மழையில்லாத மாதம் கிடையாது. உப்பு ஈரத்தை இழுத்துத் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அதைப் போத்தலிலோ ஜாடியிலோ வையுங்கள். மிளகாயையும் பருப்பையும் வெயிலில் காய வைத்தால், சூடு ஆறிய பிறகே மூடுங்கள். பூசணம் பிடித்த கச்சானை, "வறுத்தா சரியாப் போயிடும்" என்று சொல்லாதீர்கள். பூசண நஞ்சு சாதாரண அடுப்புச் சூட்டில் அழியாது. 1988 அக்டோபரில் பேராக்கில் அரிசி மாவில் செய்த மீ சாப்பிட்டு 13 பிள்ளைகள் மாண்டார்கள். அந்த மீயில் அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருந்ததாக மருத்துவ ஆய்வு சொன்னது.

நாலாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மருந்தடிக்கும் மருந்து எதுவாயினும் அது குசினிக்குள் வரவே கூடாது. சர்பத் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைப்பது கொலைக்குச் சமம். பாராகுவாட் ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைக் குடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதை 2020 ஜனவரி 1 முதல் நம் நாடு முற்றாகத் தடை செய்தது. ஆனாலும் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன, பழைய மிச்சம் எங்கேயாவது இருக்கலாம். காலி மருந்து டின்னைக் கழுவி அரிசி, தண்ணீர் வைப்பதும் வேண்டாம். "நல்லாக் கழுவிட்டேன்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. மருந்தை வைக்கப் பூட்டுள்ள தனி இடம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் சங்கம் மூலமாகக் கேட்டு வாங்குவோம்.

இதெல்லாம் பொம்பளைங்க வேலை என்று ஆண்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். விடிகாலையில் எழுந்து சமைத்து, பிரட்டுக்கும் ஓடி, வெளிக்காட்டில் நின்றுவிட்டு வரும் நம் தாய்மார்களுக்கு இன்னொரு வேலையை ஏற்றிவிட நாம் இதை எழுதவில்லை. சம்பளம் இருவருடையது, தட்டும் இருவருடையதுதான். சம்பள நாளுக்கு முந்தின மாலை, குடும்பமாக உட்கார்ந்து ஒவ்வொரு டின்னையும் திறந்து பார்க்கலாம். அரை மணி நேரம் ஆகும். இருப்பதை ஒரு பக்கம், இல்லாததை ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தச் சீட்டில் இல்லாத பொருள் பைக்குள் வரக் கூடாது.

தட்டை அடுக்கினால் வறுமை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள், சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க மனமில்லாதவர்கள். நியாயமான கூலிக்கான குரல் ஓயக் கூடாது. ஆனால், ஒரு மாதத்துக்குக் குடும்பம் எவ்வளவு சாப்பிடுகிறது, அதற்கு எத்தனை வெள்ளி ஆகிறது என்று சீட்டைக் காட்டிச் சொல்லக்கூடிய தொழிலாளி, கூலி பேசும் மேசையிலும் தலைநிமிர்ந்து பேசுவார். "இந்தச் சம்பளம் போதும்" என்று எவரும் அவரை ஏய்க்க முடியாது. கடனில்லாத வீடுதான் நியாயத்துக்காக நாலு நாள் பொறுத்து நிற்கும்.

இந்தச் சம்பள நாளிலிருந்தே தொடங்குவோம், தோழர்களே.