நிறுவனம் இல்லாத நிருபருக்கு யார் பொறுப்பு?

சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூரில் 2025 ஜனவரி 3-ஆம் தேதி, பத்திரிகையாளர் முகேஷ் சந்திராகரின் உடல் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. தொட்டியின் மேல் புதிதாக கான்கிரீட் பூசப்பட்டிருந்தது. இடத்தின் உரிமையாளர் ஒரு சாலை ஒப்பந்ததாரர். பின்னர் அவர் கைதுசெய்யப்பட்டார். பஸ்தர் வட்டாரத்துச் சாலைப் பணி ஒன்றில் நடந்த முறைகேட்டைப் பற்றி முகேஷ் திரட்டிய செய்தி, உடல் கிடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் என்டிடிவியில் ஒளிபரப்பாகியிருந்தது.

முகேஷ் அந்தத் தொலைக்காட்சியின் ஊழியர் அல்லர். வெளியிலிருந்து செய்தி தந்தவர். ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்ற யூடியூப் சேனலைச் சொந்தமாக நடத்தினார். 2021-இல் மாவோயிஸ்ட்டுகள் பிடித்துவைத்திருந்த சிஆர்பிஎஃப் வீரரை மீட்டுவரக் காட்டுக்குள் சென்ற குழுவில் அவரும் இருந்தார். பெரிய நிறுவனங்கள் நிருபர் வைக்காத இடங்களிலிருந்து நமக்குச் செய்தி வருகிறதென்றால், அது இவரைப் போன்றவர்களால்தான்.

செய்தி அறைக்கு வெளியே வளர்ந்திருக்கும் இந்தப் பத்திரிகைத் தொழிலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் 2002-இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ செய்தி ஏட்டில், தலித் பெண்கள் உள்ளிட்ட கிராமத்துப் பெண்களே நிருபர்கள். அச்சில் தொடங்கியவர்கள் இன்று செல்பேசியில் படம்பிடித்துச் செய்தி தருகிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளம், கிராமப்புற இந்தியாவின் உழைப்பையும் வாழ்வையும் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதிவுசெய்கிறது. நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிகூடக் கிடைக்காதவர்கள் இங்கே முழுக் கட்டுரைக்கு உரியவர்கள் ஆகிறார்கள்.

ஆனால், செய்தி அறை என்பது மேசையும் நாற்காலியும் மட்டும் கொண்ட இடம் அல்ல. நிருபர் எழுதியதை உதவி ஆசிரியர் ஒருவர் கேள்வி கேட்பார். வழக்கு வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞர் நிற்பார். மிரட்டல் வந்தால் ஆசிரியரே மாவட்ட ஆட்சியரை அழைத்துப் பேசுவார். தனியாக இயங்கும் நிருபருக்கு இவற்றில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் தாலுகா நிருபர்களில் பலர், பெயருக்கு ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவர்களாக இருந்தும், மாதச் சம்பளம் இல்லாமல் விளம்பரக் கமிஷனை நம்பியே காலம் தள்ளுகிறார்கள்.

சட்டமும் இவர்களைக் கைவிடுகிறது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டம், செய்தித்தாள் நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவரையே பத்திரிகையாளராகக் கருதியது. அதன் இடத்தில் 2020-இல் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பு மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களையும் சேர்த்துக்கொண்டது. அது வரவேற்க வேண்டிய மாற்றம். எனினும், ஒரு நிறுவனம் வேலைக்கு அமர்த்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நீடிக்கிறது. அதே 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ, முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைக்கும் செயலி வழித் தொழிலாளர்களை அங்கீகரித்தது. உணவு கொண்டுவருபவருக்குத் திறந்த அந்தக் கதவைச் செய்தி கொண்டுவருபவருக்கும் திறப்பதில் என்ன தடை?

யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாம் பத்திரிகையாளர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செய்தியாளர் என்று சொல்லிக்கொண்டு பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிய, ஒருவர் செய்யும் வேலையே அளவுகோலாக இருக்கட்டும்: தொடர்ந்து செய்தி வெளியிடுகிறாரா, குற்றம்சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்கிறாரா, ஆதாரம் வைத்திருக்கிறாரா, பிழை நேர்ந்தால் பகிரங்கமாகத் திருத்துகிறாரா? இதை அரசு அதிகாரி முடிவுசெய்தால், அரசை விமர்சிப்பவர்தான் முதலில் விலக்கப்படுவார். பத்திரிகையாளர் அமைப்புகளே இதை முடிவுசெய்ய வேண்டும். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் வரம்பு, செய்தித்தாள்களோடும் செய்தி முகமைகளோடும் நின்றுவிடுகிறது. அந்த வரம்பை விரிவாக்காமல் டிஜிட்டல் ஊடகத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் கடமை இருக்கிறது. வெளியாள் தந்த செய்தியை ஒளிபரப்பும் நிறுவனம், அந்தச் செய்தியால் வரும் ஆபத்திலும் பங்கேற்க வேண்டும். காப்பீடு, சட்ட உதவி, மிரட்டல் வந்தவுடன் தலையிடும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் சன்மானத்தோடு சேர்த்தே எழுத்தில் தர வேண்டும். பத்திரிகையாளர் சங்கங்களும் தனியாக இயங்குபவர்களை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். ஊழலை வெளிக்கொண்டுவரும் வேலைக்கு ஆள் வேண்டும், அவரைக் காக்கும் பொறுப்பு மட்டும் வேண்டாம் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாத நிலையைச் சட்டம் உருவாக்க வேண்டும்.